நில அளவையில் முறைசார் வழுவும் சீராக்கலும்: வன்னிக் களத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் காணி அளப்பவர்களும், அளவையைக் கற்கும் இளையவர்களும், சில வேளைகளில் காணிச் சொந்தக்காரரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றியே வருகின்றன: கணக்கு அழகாக மூடிவிட்டது, ஆனாலும் கல் உரிய இடத்தில் இல்லை, அது எப்படி நடக்கும்?

முறைசார் வழு என்றால் என்ன? மற்ற வழுக்களிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

24.70 என்று வாசித்ததை 27.40 என்று புத்தகத்தில் எழுதுவது வழு அல்ல, தவறு. அதைக் கண்டுபிடித்து நீக்கிவிடலாம். ஒரே நீளத்தைப் பத்து முறை அளக்கும்போது ஒரு முறை இரண்டு மில்லிமீற்றர் கூடியும் மறு முறை ஒரு மில்லிமீற்றர் குறைந்தும் வருவது எழுமாற்று வழு. அளவுகள் கூடக் கூட அது தனக்குள்ளேயே பெருமளவு கழிந்துவிடும். முறைசார் வழு இவ்விரண்டிலும் சேராது. அது ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு, அதே நிலைமைகளில் அதே திசையில், ஒவ்வொரு முறையும் வந்து சேர்கிறது. நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் அந்தச் சராசரிக்குள் அது முழுமையாக இருக்கும்.

வளரும் வேகத்தைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 30 மீற்றர் நாடாவை இருபது முறை நீட்டி 600 மீற்றர் அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நீட்டலிலும் 3 மில்லிமீற்றர் எழுமாற்று வழு இருந்தால் இறுதியில் அது இருபதின் வர்க்கமூலத்தால் பெருகி ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் ஆகும். அதே 3 மில்லிமீற்றர் முறைசார் வழுவாக இருந்தால் இருபதாலேயே பெருகி 60 மில்லிமீற்றர் ஆகும். போன வழியே திரும்பி அதே நாடாவால் அளந்தாலும் அதே விடை கிடைக்கும் என்பதால், போன அளவும் வந்த அளவும் ஒத்துவந்தன என்பதை மட்டும் வைத்து அளவு சரியென்று முடிவு செய்யக்கூடாது.

எனது ட்ரவர்ஸ் 20,000 இல் ஒன்று என்ற அளவுக்கு மூடியது. இதற்கு மேலும் ஐயப்பட வேண்டுமா?

ட்ரவர்ஸ் என்பது பக்கம் பக்கமாகத் தூரமும் கோணமும் அளந்துகொண்டு போவது. கணக்கு முடிய வேண்டிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் உள்ள இடைவெளியே மூடல் வழு, இங்கே அது அளந்த நீளத்தின் 20,000 இல் ஒரு பங்கு. ஆனாலும் ஐயப்படத்தான் வேண்டும். எனக்கு இதைக் கற்றுத் தந்தது எனது சொந்த வேலையே. கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு காணியைத் துண்டு பிரித்துக் கல் நாட்டிக்கொண்டிருந்தபோது, கோணத்தையும் தூரத்தையும் சேர்த்தளக்கும் டோட்டல் ஸ்டேசனில் எல்லாம் திருத்தமாக வந்தது, மூடல் வழுவும் மிகச் சிறியதாக இருந்தது. வீதியோர முகப்பு ஒன்றை உதவிக்கு நின்ற தம்பி சும்மா நாடா பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, இருவத்தைஞ்சு மீற்றருக்கு மூண்டு சென்ரிமீற்றர் குறையுது" என்றான். நாடா தளர்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். அடுத்த முகப்பிலும் மூன்று சென்ரிமீற்றர்தான் குறைந்தது. 12 மீற்றர் நீளமே உள்ள பக்கத்திலும் அதே மூன்றுதான். நீளம் மாறியும் குறை மாறாமல் நின்றபோதுதான் கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்தின் மீது கண் போனது. அன்று கொண்டுபோன பிரிசத்தின் மாறிலி, அதாவது வாசித்த தூரத்தோடு சேர்க்க வேண்டிய திருத்தம், எதிர்க்குறி 30 மில்லிமீற்றர். கருவியிலோ அது பூச்சியமாக விடப்பட்டிருந்தது.

அப்படியானால் மூடல் ஏன் அதைக் காட்டவில்லை? எனது ட்ரவர்ஸ் ஏறத்தாழ நீள்சதுரமாக இருந்தது. கிழக்கே போகும் பக்கத்தில் கூடிய 30 மில்லிமீற்றரை மேற்கே திரும்பும் பக்கத்தில் கூடிய 30 மில்லிமீற்றர் கழித்துவிட்டது. வடக்கும் தெற்கும் அவ்வாறே. உருவம் முழுவதும் சற்றுப் பெருத்து, ஆனால் வாய் மூடிக்கொண்டு நின்றது. அதே வழுவோடு ஆறு பக்கமுள்ள 'ட' வடிவக் காணி ஒன்றைச் சுற்றியிருந்தால், ஒரு கிழக்குப் பக்கத்துக்கு இரண்டு மேற்குப் பக்கங்களும் ஒரு தெற்குப் பக்கத்துக்கு இரண்டு வடக்குப் பக்கங்களும் வந்து, 42 மில்லிமீற்றர் மூடல் வழு வெளிப்பட்டிருக்கும். ஆகவே வழு வெளிப்படுவதும் மறைவதும் காணியின் வடிவத்தைப் பொறுத்த செய்தி.

அளவுத்திட்ட வழு இதைவிடக் கள்ளமானது. எல்லாத் தூரங்களும் ஒரே விகிதத்தில் கூடினாலோ குறைந்தாலோ, எந்த வடிவமுள்ள மூடிய ட்ரவர்ஸும் அதை ஒருபோதும் காட்டாது. முழு உருவமும் பெரிதாக்கிய அல்லது சிறிதாக்கிய படம்போல அப்படியே மூடும். தெரிந்த ஒரு புள்ளியில் தொடங்கி, தெரிந்த வேறொரு புள்ளியில் முடித்தால் மட்டுமே அது பிடிபடும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் ட்ரவர்ஸை இறுதிச் சான்றாக நான் ஏற்பதில்லை.

பிரிசம் மாறிலியைக் களத்திலேயே சோதிக்க முடியுமா?

அரை மணி நேரம் போதும். சமதரையில் ஒரே நேர்கோட்டில் அ, ஆ, இ என மூன்று முளைகளை அடித்து, அஆ, ஆஇ, அஇ ஆகிய மூன்று தூரங்களையும் அளவுங்கள். கருவியும் பிரிசமும் சேர்ந்து ஒவ்வொரு தூரத்திலும் ஒரே அளவைக் கூட்டுமாயின், இரு துண்டுகளின் கூட்டுத்தொகையில் அது இரண்டு முறை இருக்கும், முழுத் தூரத்தில் ஒரு முறையே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மாறிலி. அஆ 60.214, ஆஇ 75.388, அஇ 135.572 மீற்றர் என்று வந்தால், துண்டுகளின் கூட்டுத்தொகை 135.602, எனவே ஒவ்வொரு தூரமும் 30 மில்லிமீற்றர் கூடுதலாக வாசிக்கப்படுகிறது. முளைகள் நேர்கோட்டில் இருப்பதையும், முக்காலிகள் முளைக்கு நேர் மேலே இருப்பதையும் பொறுமையாகப் பாருங்கள், ஏனெனில் இங்கே தேடுவது மில்லிமீற்றர்களை. இச்சோதனை மாறிலியை மட்டுமே தரும். அளவுத்திட்ட வழுவை அறிய நீளம் முன்பே தெரிந்த அடிக்கோடு ஒன்று வேண்டும்.

வெவ்வேறு நிறுவனத்துப் பிரிசங்களை ஒரே பெட்டியில் கலந்து வைத்திருப்பவர்கள், ஒவ்வொன்றின் மேலும் அதன் மாறிலியை வண்ணப் பூச்சால் எழுதிவிடுவது நல்லது.

உருக்கு நாடாவில் வன்னி வெயில் எவ்வளவு செய்துவிடும்?

பலர் நினைப்பதைவிடக் கூடுதலாகவே செய்யும். உருக்கு ஒரு பாகை செல்சியசுக்குத் தன் நீளத்தில் மில்லியனுக்கு 11.6 பங்கு விரிகிறது. நாடாக்களின் நீளமோ வழக்கமாக 20 பாகையில் சரியாக இருக்குமாறு குறிக்கப்படுகிறது. வன்னியில் அந்த 20 பாகை விடியற்காலையிலும் அரிது. பங்குனி, சித்திரை நண்பகலில் வெறுந்தரையில் கிடக்கும் நாடா 45 பாகைக்குச் சூடாகுமாயின், 30 மீற்றருக்கு 8.7 மில்லிமீற்றர் நீளும். 600 மீற்றருக்கு அது 17 சென்ரிமீற்றரைத் தாண்டும். நீண்ட நாடா குறைவாகவே வாசிக்கும் என்பதால் திருத்தத்தைக் கூட்ட வேண்டும். நிழலில் தொங்கும் வெப்பமானியின் வாசிப்பு காற்றின் வெப்பநிலை. நமக்கு வேண்டியது நாடாவின் வெப்பநிலை. ஆகையால் வெப்பமானியை நாடாவோடு சேர்த்து அதே வெயிலில் வையுங்கள்.

தொய்வும் இழுவையும் அடுத்தவை. முழு நாடாவும் 450 கிராம் நிறையுள்ளதாகவும் இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டதாகவும் கொண்டால், 5 கிலோகிராம் இழுவையில் 30 மீற்றருக்குத் தொய்வால் வரும் குறை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். இழுவையை 10 கிலோகிராமாக்கினால் அது 2.5 மில்லிமீற்றராகக் குறையும். சோழகம் வீசும் மாதங்களில் நாடா பக்கவாட்டில் வில்லாக வளைவதும் இதே வகைதான்: காற்று எப்பக்கம் அடித்தாலும் வளைந்த நாடா கூடுதலாகவே வாசிக்கும், ஒருபோதும் குறைவாக வாசிக்காது.

இது புதிய கவலை அன்று. 1802 இல் சென்னைப் பரங்கிமலை அருகே அளவையாளர் வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை அளந்தபோதே உருக்குச் சங்கிலியின் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் செய்தார். பின்னர் அவருக்கு அடுத்து அப்பணியை ஏற்ற ஜோர்ஜ் எவரெஸ்ட் இரும்பையும் பித்தளையையும் இணைத்து, வெப்பத்தால் நீளம் மாறாதபடி அமைத்த கோல்களைப் பயன்படுத்தினார்.

டோட்டல் ஸ்டேசனில் வெப்பநிலை, அமுக்கம் என்பவற்றை இட வேண்டுமா? அது தானாகவே திருத்தாதா?

சில கருவிகளில் உணரிகள் உண்டு. பலவற்றில் நீங்கள் இட்டதையே அது நம்பும். ஒன்றும் இடாவிட்டால் தொழிற்சாலையில் குறித்த இயல்பு நிலையிலேயே நிற்கும். அது பல கருவிகளில் 15 பாகையும் 1013 ஹெக்டோபஸ்காலும் ஆகும். வன்னியில் 35 பாகையில் வேலை செய்தால் தூரம் மில்லியனுக்கு 18 பங்கு அளவில் குறைவாக வரும், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 18 மில்லிமீற்றர். கால் ஏக்கர் வளவுக்கு இது பொருட்டே இல்லை. நீண்ட வீதிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கும் பொருட்டு உண்டு. நமது மாவட்டங்கள் தாழ்நிலம் என்பதால் அமுக்கம் பெரிதாக மாறுவதில்லை. வெப்பநிலையைக் காலையும் நண்பகலும் பிற்பகலும் மாற்றி இட்டால் போதும்.

இரு முகங்களிலும் கோணம் எடுத்தால் கருவியின் வழு எல்லாம் போய்விடுமா?

எல்லாம் போகாது. பார்வைக் கோட்டின் விலகல், கிடை அச்சின் சாய்வு, நிலைக்குத்து வட்டத்தின் தொடக்க வழு ஆகியவை இடமுகத்திலும், தொலைநோக்கியைப் புரட்டித் திருப்பி வாசிக்கும் வலமுகத்திலும் எதிரெதிர்க் குறியோடு வருவதால் சராசரியில் நீங்கிவிடும். மட்டக்குமிழ் கெட்டிருப்பதால் வரும் நிலைக்குத்து அச்சின் சாய்வு நீங்காது, ஏனெனில் முகத்தைத் திருப்பினாலும் அச்சு அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். குமிழை 180 பாகை திருப்பிப் பார்த்துச் சரிசெய்வதே அதற்கு வழி.

பிரிசக் கம்பத்தின் குமிழைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மீற்றர் கம்பத்தின் குமிழ் பத்துக் கலை (பாகையின் ஆறில் ஒரு பங்கு) பிழைத்திருந்தால், கம்பத்தின் தலை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் விலகி நிற்கும். கம்பம் பிடிப்பவர் ஒரே பழக்கத்தில் பிடித்தால் அந்த விலகல் எப்போதும் ஒரே பக்கமாகவே, கருவியை நோக்கியோ அப்பாலோ பக்கவாட்டிலோ, இருக்கும். பக்கவாட்டில் இருந்தால், குறுகிய பக்கங்களில் இதன் விளைவு கோணத்தில் ஏறும்: 30 மீற்றரில் 3 மில்லிமீற்றர் பக்கவாட்டு விலகல் 20 விகலைக்குச் சமம் (60 விகலை ஒரு கலை).

குளத்து வாய்க்காலுக்கு மட்டம் எடுக்கிறோம். பார்வைத் தூரங்களைச் சமமாக வைக்குமாறு ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

இரணைமடுவோ வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ, அவற்றின் கீழுள்ள வயல் நிலம் மிக மெல்லச் சரிகிறது. 4000 இற்கு 1 என்ற சரிவில் ஓட வேண்டிய வாய்க்காலில் ஒரு கிலோமீற்றருக்கு வீழ்ச்சி 25 சென்ரிமீற்றர் மட்டுமே. அங்கே ஆறு சென்ரிமீற்றர் வழு என்பது 240 மீற்றர் வாய்க்காலின் வீழ்ச்சி முழுவதையும் விழுங்கிவிடும், கடைசி வயற்காரருக்குத் தண்ணீர் போகாது. அவர் அதற்காக வாய்க்கால் மேற்பார்வையாளரோடு சண்டை பிடிப்பாரே தவிர, மட்டம் எடுத்தவரை நினைக்கவே மாட்டார். இந்தக் கேள்விக்கு நான் நீண்ட விடை தருவதற்குக் காரணம் அந்தக் கடைசி வயல்தான்.

லெவல் கருவியின் பார்வைக் கோடு சரியான கிடையில் இல்லாமல் சற்று மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கலாம். இரண்டு முளைகளை 60 மீற்றர் இடைவெளியில் அடித்து, கருவியைச் சரி நடுவில் வையுங்கள். அ முளையில் 1.482, ஆ முளையில் 1.070 என்று வந்தால் வேறுபாடு 0.412, நடுவில் நிற்பதால் வழு இரு பக்கமும் சமமாகி, இது உண்மையான வேறுபாடாகும். பின்னர் கருவியை அ முளைக்கு வெளிப்புறமாக 3 மீற்றரில் வைத்து வாசியுங்கள். அ 1.395, ஆ 0.995 என்றால் வேறுபாடு 0.400. பன்னிரண்டு மில்லிமீற்றர் காணாமல் போயிருக்கிறது; பார்வைக் கோடு மீற்றருக்கு 0.2 மில்லிமீற்றர் மேல்நோக்கிச் சாய்ந்துள்ளது, அதாவது 41 விகலை. இப்படிப்பட்ட கருவியால் பின்பார்வை (பின்னால் உள்ள புள்ளிக்கு) 70 மீற்றரும் முன்பார்வை (முன்னால் உள்ள புள்ளிக்கு) 40 மீற்றருமாக ஒரே பாணியில் பத்து முறை வைத்துப் போனால், வைப்புக்கு 6 மில்லிமீற்றராக மொத்தம் 60 மில்லிமீற்றர் சேரும். இரண்டையும் சமமாக வைத்திருந்தால் அதே பழுதான கருவியே சரியான விடையைத் தந்திருக்கும்.

புவியின் வளைவும் காற்றில் ஒளி வளைவதும் சேர்ந்து 100 மீற்றரில் 0.7 மில்லிமீற்றரும் 300 மீற்றரில் 6 மில்லிமீற்றரும் கொடுக்கும். அவையும் சமப் பார்வையில் கழியும். ஆனால் நண்பகலில் வெந்த வயல்தரையை ஒட்டிப் போகும் பார்வைக் கோடு கணக்குக்கு அடங்காமல் வளையும் என்பதால், கோடு தரையிலிருந்து அரை மீற்றருக்குக் கீழே போகாதபடி பாருங்கள்.

மாரி முடிந்து ஈரம் காயாத வயலில் இன்னொரு தொல்லை உண்டு. முன்பார்வை வாசித்த பின், கருவியை நகர்த்தி வைப்பதற்குள், திரும்பற் புள்ளியில், அதாவது முன்பார்வையும் பின்பார்வையும் வாசிக்கும் இடைப் புள்ளியில், நிற்கும் ஸ்டாஃப் என்ற அளவுகோல் தன் பாரத்தால் சில மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். இதனால் ஒவ்வொரு முறையும் நிலம் உண்மையைவிட உயர்ந்துகொண்டே போவதுபோலக் கணக்கு காட்டும். போன வழியே மட்டம் எடுத்துத் திரும்பினால் திரும்புகையிலும் அது உயர்வையே காட்டும். அதனால் சுற்று மூடாமல் வெளிப்படும், இரண்டின் சராசரியில் பெரும்பாலும் நீங்கிவிடும். இரும்புத் தகட்டையோ நன்கு அடித்த முளையையோ திரும்பற் புள்ளியாக்கினால் இந்தத் தொல்லை முளைக்கவே முளைக்காது.

ஜிபிஎஸ் ஆள்கூறுகளிலிருந்து கணித்த தூரமும் டோட்டல் ஸ்டேசன் தூரமும் ஒத்துவரவில்லை. எந்தக் கருவி பிழை?

இரண்டுமே சரியாக இருக்கலாம். எஸ்எல்டி99 என்று வழங்கும் நமது தேசிய ஆள்கூற்று முறையில் வளைந்த புவியைத் தட்டையான வரைபடத்துக்கு மாற்றும் குறுக்கு மெர்க்கேட்டர் எறியம் பயன்படுகிறது. அதன் நடு நெடுங்கோடு கிழக்கு 80 பாகை 46 கலை அளவில், பிதுருதலாகலை வழியே செல்கிறது. அந்தக் கோட்டின் மீது அளவுத்திட்டக் காரணி 0.9999238. அதாவது நிலத்தில் ஒரு கிலோமீற்றர், வலையத்தில், அதாவது வரைபட ஆள்கூறுகளில், 76 மில்லிமீற்றர் குறைந்து நிற்கும். கோட்டிலிருந்து விலக விலகக் காரணி கூடுகிறது.

வன்னியில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு என்பது எனக்குக் குறையாகவே படுகிறது, ஏனெனில் இங்கே காரணி ஒரு மாவட்டத்திலிருந்து மறு மாவட்டத்துக்குக் குறியையே மாற்றுகிறது. முல்லைத்தீவு நகரம் நடு நெடுங்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே கிலோமீற்றருக்குக் குறை ஏறத்தாழ 76 மில்லிமீற்றர். வவுனியாவில் அது 65 அளவிலும் கிளிநொச்சியில் 55 அளவிலும் இருக்கும். மன்னார் நகருக்குப் போனால் குறை மறைந்து, கிலோமீற்றருக்கு 36 மில்லிமீற்றர் அளவில் கூடுதலாகிவிடும். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் ஏ9 வீதியில் மட்டும் நிலத்தூரமும் வலையத்தூரமும் 27 சென்ரிமீற்றர் வேறுபடும். ஒரு வீதித் திட்டத்தின் ஒரு பகுதியை ஒருவர் நிலத்தூரத்திலும் அடுத்த பகுதியை மற்றவர் வலையத்தூரத்திலும் கொடுத்தால், சந்திக்கும் இடத்தில் இந்த வேறுபாடு யாருடைய தவறும் அல்லாததுபோல வந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு இறக்கும் திருத்தம் இங்கே சிறிது. 100 மீற்றர் உயரத்தில் அது கிலோமீற்றருக்கு 16 மில்லிமீற்றர்.

பரப்பளவில் இதன் விளைவு மிகச் சொற்பம். முல்லைத்தீவில் ஐந்து ஏக்கருக்கு அது ஒரு பேர்ச்சின் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே காணித் துண்டுகளுக்காக யாரும் கலங்க வேண்டாம். வரைபடத்தில் எழுதிய தூரம் நிலத்தூரமா வலையத்தூரமா என்பதை மட்டும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

ஆர்டிகே கருவியில் முறைசார் வழு எங்கே ஒளிந்திருக்கும்?

பெரும்பாலும் தளநிலையத்தில், அதாவது நகரும் ஜிபிஎஸ் கருவிக்கு உடனுக்குடன் திருத்தம் அனுப்பும் நிலையான கருவியில். தளநிலையத்தின் ஆள்கூறு இரண்டு மீற்றர் பிழைத்திருந்தால் அன்று அளந்த அத்தனை புள்ளிகளும் ஒன்றுக்கொன்று சென்ரிமீற்றர் நுணுக்கத்தோடு பொருந்தியபடியே இரண்டு மீற்றர் நகர்ந்து நிற்கும். அன்ரெனாவின் உயரத்தைச் சாய்வாக அளந்துவிட்டு நிலைக்குத்து என்று இடுவதும் அவ்வாறே. வேலையைத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஆள்கூறு தெரிந்த வேறொரு கட்டுப்பாட்டுப் புள்ளியில் கம்பத்தை வைத்துப் பார்க்கும் பழக்கமே இதற்கு மருந்து.

உயரத்தில் இன்னொன்று. ஜிபிஎஸ் தரும் உயரம், புவியின் வடிவமாகக் கணக்கில் கொள்ளும் நீளுருண்டையிலிருந்து அளக்கப்படுவது. இலங்கையைச் சூழ்ந்த பகுதியில் கடல்மட்டப் பரப்பு அந்த நீளுருண்டைக்கு ஏறத்தாழ நூறு மீற்றர் கீழே கிடக்கிறது. அதனால்தான் காய்ந்த மேட்டுக்காணிகூடக் கருவியில் கடலுக்குக் கீழே இருப்பதுபோல எதிர்க்குறியோடு தெரிகிறது. மேலும் நாம் காந்த மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், குறிப்பாகப் பங்குனி, புரட்டாதி மாதங்களை ஒட்டி, செய்மதிச் சைகைகளைப் பாதிக்கும் அயனமண்டலக் குழப்பம் கூடும். அந்நேரத்தில் எடுத்த புள்ளிகளைக் காலையில் மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

இழிவு வர்க்க முறையில் சீராக்கினால் முறைசார் வழு தானாகவே பகிர்ந்து நீங்கிவிடாதா?

பகிரப்படும், ஆனால் நீங்காது. இழிவு வர்க்க முறை என்பது திருத்தங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருமாறு அளவுகளைச் சீராக்கும் கணக்கு. அது ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: அளவுகளில் எஞ்சியிருப்பவை எழுமாற்று வழுக்கள் மட்டுமே, அவற்றின் சராசரி பூச்சியம். அந்த எடுகோள் பொய்த்தால் கணக்கு நின்றுவிடாது. முறைசார் வழுவையும் எழுமாற்று வழுவாக எண்ணி, எல்லா மூலைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டு, அழகான துல்லிய அட்டவணை ஒன்றையும் அச்சிட்டுத் தரும். அளவை வலைப்பின்னலை ஒரே ஒரு தெரிந்த புள்ளியிலும் ஒரு திசையிலும் மட்டும் கட்டியிருந்தால், அளவுத்திட்ட வழு மீதிகளில், அதாவது அளந்ததற்கும் சீராக்கியதற்கும் உள்ள வேறுபாடுகளில், சிறிதும் தோன்றாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பெருந்தவறுகளைக் களையுங்கள். அடுத்து வெப்பநிலை, தொய்வு, பிரிசம், எறியம் எனக் காரணம் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் திருத்தம் செய்யுங்கள். அளக்கும் முறையாலேயே கழியக்கூடியவற்றை, இரு முகங்கள், சமப் பார்வைகள் என்று, களத்திலேயே கழித்துவிடுங்கள். அதற்குப் பின் எஞ்சுவதை மட்டுமே சீராக்கலிடம் கொடுங்கள்.

அப்படியும் ஐயம் எஞ்சினால் மீதிகளோடு உட்காருங்கள். கூட்டலும் கழித்தலுமாக ஒழுங்கின்றிச் சிதறிய மீதிகள் நல்லவை. தூரங்களின் மீதிகள் யாவும் ஒரே குறியோடு, நீளம் கூடக் கூடக் கூடிச் செல்லுமாயின் அங்கே அளவுத்திட்ட வழு உண்டு. நீளம் எதுவாயினும் ஒரே அளவில் நின்றால் மாறிலியைத் தேடுங்கள். பிற்பகலில் எடுத்தவை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தால் வெப்பநிலையைத் தேடுங்கள். தெரிந்த புள்ளிகள் போதுமான அளவு இருந்தால், அளவுத்திட்டக் காரணியையும் மாறிலியையும் அறியாக் கணியங்களாகச் சமன்பாட்டிலேயே சேர்த்து, ஆள்கூறுகளோடு சேர்த்துத் தீர்க்கலாம்; ஆனால் கிடைத்த மதிப்பு அதன் நியம விலகலைவிடத் தெளிவாகப் பெரிதாக இல்லையென்றால் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. குறுகிய தூரங்களும் நீண்ட தூரங்களும் கலந்திருந்தால்தான் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும்.

மென்பொருள் சிவப்பில் காட்டும் அளவுகளின் நிறையை, அதாவது கணக்கில் அவற்றுக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தை, குறைத்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் பச்சையாக்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அந்தச் சிவப்பு, களத்திலிருந்து வந்த சாட்சி.

பௌடிச் முறை போதாதா?

சிறிய காணிக்குப் போதும். மூடல் வழுவைப் பக்கங்களின் நீளத்துக்கு ஏற்பப் பகிர்வது எளிது, கையாலேயே செய்யலாம். அது வழுவின் காரணத்தைக் கேட்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழைய வரைபடத்தில் எனது காணி ஐந்து ஏக்கர். புதிய அளவையில் நான்கு பேர்ச் குறைந்திருக்கிறது. என் காணியை யாரோ எடுத்துவிட்டார்களா?

வேலியும் கல்லும் அசையவில்லையென்றால், பெரும்பாலும் யாரும் எடுக்கவில்லை. பழைய காணிகள் 66 அடிச் சங்கிலியால் அளக்கப்பட்டவை. சங்கிலியின் கண்ணிகள் வளைந்தாலோ வளையங்களில் சேறு இறுகினாலோ அது குறுகும். நெடுங்காலம் இழுபட்டு வளையங்கள் தேய்ந்தால் நீளும். இரண்டு அங்குலம் குறுகிய சங்கிலியால் அளந்தவர் ஒவ்வொரு நீளத்தையும் 396 இல் ஒரு பங்கு கூடுதலாக எழுதியிருப்பார். பரப்பில் அது இரட்டித்து 198 இல் ஒரு பங்காகும். ஐந்து ஏக்கர் என்பது 800 பேர்ச். அதில் 198 இல் ஒரு பங்கு, நீங்கள் கேட்கும் அதே நான்கு பேர்ச். சங்கிலி நீண்டிருந்தால் இதற்கு மாறாகப் புதிய அளவையில் காணி கூடியிருக்கும். பழைய தாள் சுருங்கியிருக்க, அதன் மேல் அடிமட்டம் வைத்து அளந்தாலும் இத்தகைய வேறுபாடு வரும். எனவே எழுதிய எண்களையே எடுக்க வேண்டும். பக்கத்துக் காணிகளின் பழைய அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் சங்கிலிதான் காரணம், உங்களுடையது மட்டும் ஒரு பக்கத்தில் குறைந்திருந்தால் அந்த வேலியைப் பார்க்க வேண்டும்.

போருக்கு முன் நாட்டிய கட்டுப்பாட்டுக் கற்களை நம்பலாமா?

ஒன்றைத் தனியாக நம்ப வேண்டாம். 2009 வரை நடந்த போரிலும் அதன் பின் நடந்த துப்புரவு, வீதி வேலைகளிலும் கற்கள் பல பெயர்ந்தன. சில பெயர்க்கப்பட்டு அருகில் மீண்டும் நடப்பட்டுமிருக்கின்றன. குறைந்தது மூன்று கற்களுக்கிடையே தூரமும் கோணமும் எடுத்து, பழைய எண்களோடு ஒப்பிட்ட பின்னரே தொடங்குங்கள். நகர்ந்த கல் தன் பிழையை முழு வேலைக்கும் ஒரே திசையில் கொடுக்கும். கண்ணிவெடி அகற்றியதாக உறுதி செய்யப்படாத காணிக்குள் எந்தக் கல்லைத் தேடியும் இறங்க வேண்டாம். பழைய திசைகாட்டி அளவைகளை மீட்க முயல்பவர்கள், புதைந்த இரும்புத் துண்டுகளும் முட்கம்பி வேலியும் ஊசியை இழுக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கோட்டின் முன்திசைக்கும் பின்திசைக்கும் 180 பாகை வேறுபாடு இல்லையென்றால் இரு முனைகளில் ஒன்றிலாவது இழுப்பு உண்டு.

வேலையைக் கையளித்த பின் முறைசார் வழு தெரியவந்தால் என்ன செய்வது?

முதலில் அதன் அளவையும் குறியையும் நிறுவுங்கள். முறைசார் வழுவின் ஒரே நல்ல குணம், காரணம் தெரிந்துவிட்டால் பழைய புத்தகத்திலிருந்தே அதைத் திருத்தலாம் என்பதே. ஆனால் அதற்குப் புத்தகத்தில் கருவியின் இலக்கமும், எந்தப் பிரிசம் என்பதும், இட்ட வெப்பநிலையும், நேரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் மேலே சொன்ன காணியில் பிரிசத்தின் பெயரைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதியிருந்தேன். அதனால் ஆள்கூறுகளை வீட்டிலிருந்தே மீளக் கணிக்க முடிந்தது. கற்களை மட்டும் வீட்டிலிருந்து நகர்த்த முடியாது. அடுத்த வாரம் போய், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, அவர்கள் பார்த்திருக்க ஒவ்வொரு கல்லையும் கிண்டி எடுத்து நட்டோம். ஒரு துண்டில் மதிலுக்கு அத்திவாரம் வெட்டிவிட்டிருந்தார்கள். கொங்கிறீற் போட இன்னும் இரண்டு நாள் இருந்தது.